விமானத்துக்கு ஒட்டுப் போடலாமா? காம்போசிட் பழுதுபார்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தில் அடிபட்ட இடத்தை நாரும் பிசினும் வைத்து ஒட்டிச் சரிசெய்வார்கள் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு, அப்புறம் வரிசையாகக் கேள்விகள். பயணிகள் கேட்பது, பராமரிப்புப் படிப்பு மாணவர்கள் கேட்பது, சொந்தமாகச் சிறு விமானம் கட்டுபவர்கள் கேட்பது எல்லாம் இங்கே கலந்து இருக்கும். விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வியைப் படிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

காம்போசிட் என்றால் சரியாக என்ன?

வலுவான நாரை ஒரு பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, சூடாக்கி இறுகவைத்த பொருள். நார் கார்பனாக இருக்கலாம், கண்ணாடியாக இருக்கலாம், அராமிட் ஆக இருக்கலாம். பிசின் பெரும்பாலும் எபாக்சி. சுமையைத் தாங்குவது நார். நாரை இடத்தில் பிடித்து வைத்து, ஒரு நாரிலிருந்து பக்கத்து நாருக்குச் சுமையைக் கடத்துவது பிசின். நார் ஓடும் திசையில் பலம் மிக அதிகம், குறுக்கே மிகக் குறைவு. அதனால்தான் ஓர் அடுக்கை நேராகவும், அடுத்ததை 45 டிகிரியிலும், இன்னொன்றை 90 டிகிரியிலும் மாற்றி மாற்றி வைப்பார்கள்.

போயிங் 787-ன் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ பாதி காம்போசிட். ஏர்பஸ் ஏ350-ல் அதற்கும் சற்று மேல். உடற்கூடு, இறக்கை, வால் எல்லாமே அதில் சேரும். பழைய விமானங்களில் சுக்கான், ஃப்ளாப், ஸ்பாய்லர், இன்ஜின் உறை, மூக்கில் இருக்கும் ரேடார் மூடி போன்றவை மட்டும்.

உலோக விமானத்துக்கும் காம்போசிட் ஒட்டுப் போடுவார்களாமே?

போடுவார்கள். சொல்லப்போனால் இந்தத் துறையின் சுவாரசியமான கதையே அதுதான்.

அலுமினியத் தகட்டில் விரிசல் வந்தால் வழக்கமான வைத்தியம், மேலே இன்னொரு தகடு வைத்து ரிவெட் அடிப்பது. வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையும் அடுத்த விரிசல் பிறக்கத் தோதான இடம். துளையே போடாமல், விறைப்பான நார் அடுக்கு ஒன்றை விரிசலின் மேல் ஒட்டிவிட்டால்? சுமையின் ஒரு பங்கு ஒட்டின் வழியாகப் போய்விடும். விரிசலின் இரு உதடுகளும் விலகித் திறப்பது குறையும். திறப்பது குறைந்தால் விரிசல் வளரும் வேகமும் குறையும், சில இடங்களில் நின்றே போகும்.

1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், அந்நாட்டு அரசின் வானூர்தி ஆய்வகத்தில் ஆலன் பேக்கரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து காட்டினார்கள். ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களின் இறக்கையில் அரிப்பால் வந்த விரிசல்கள், மிராஜ் போர் விமானங்களின் இறக்கை அடித்தகட்டு விரிசல்கள் என்று தொடங்கி எஃப்-111 போர் விமானம் வரை போனது. 1990-களில் அமெரிக்க விமானப்படையின் சி-141 சரக்கு விமானங்களில், இறக்கைக்குள் எரிபொருள் ஓடுவதற்கான சிறு துளைகளைச் சுற்றி விரிசல்கள் கிளம்பின. அங்கேயும் நூற்றுக்கணக்கில் இந்த ஒட்டுகள் ஏறின. 1997-ல் ஒரு லாக்ஹீட் எல்-1011 பயணிகள் விமானத்தின் கதவு மூலையிலும் போட்டார்கள்.

அந்த ஒட்டுகளுக்குப் போரான் நாரைத்தான் பயன்படுத்தினார்களாம். கார்பன் ஆகாதா?

ஆகும், ஆனால் அலுமினியத்தின் மேல் கார்பனுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது அரிப்பு. கார்பன் மின்சாரம் கடத்தும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும், கரைவது அலுமினியம். நடுவில் ஒரு கண்ணாடி நார் அடுக்கு வைத்துப் பிரிப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது வெப்பம். ஒட்டை 120 டிகிரி செல்சியஸ் அளவில் இறுகவைக்கும்போது அலுமினியம் நன்றாக விரிந்திருக்கும், கார்பன் ஒட்டு கிட்டத்தட்ட விரியவே விரியாது. ஆறும்போது அலுமினியம் சுருங்கப் பார்க்கும், ஒட்டு விடாது. கடைசியில் அலுமினியம் நிரந்தரமாக இழுபட்ட நிலையில் நின்றுவிடும். விரிசலைத் திறக்கும் திசையிலேயே இழுவை! மேலே மைனஸ் 50 டிகிரியில் பறக்கும்போது இது இன்னும் கூடும். போரானும் அலுமினியம் அளவுக்கு விரியாதுதான், ஆனால் கார்பனைவிடப் பரவாயில்லை. விறைப்போ அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொரு வசதி, போரான் ஒட்டின் வழியாக எடி கரண்ட் கருவியை (மின்காந்தத்தால் விரிசல் தேடும் கருவி) வைத்து அடியில் இருக்கும் விரிசல் வளர்கிறதா என்று பார்க்கலாம்.

குறையும் உண்டு. விலை அதிகம். தவிர, போரான் நார் ஒவ்வொன்றும் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன், நடுவில் டங்ஸ்டன் கம்பி. கார்பன் நாரைப் போல வளைந்து கொடுக்காது, முறிந்தால் ஊசி. கையில் ஏறினால் இடுக்கி தேட வேண்டியதுதான்.

காம்போசிட் பாகத்தில் அடிபட்டது எப்படித் தெரியும்?

இதுதான் சிக்கல். அலுமினியத்தில் சுத்தியல் விழுந்தால் குழி விழும், எல்லோருக்கும் தெரியும். கார்பன் தகடு குழியாமல் மீண்டுவிடும், ஆனால் உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். மேற்பரப்பில் தெரிவதைவிடப் பின்பக்கத்தில் சேதம் அகலமாக இருப்பது சகஜம். ஆகவே கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும் அடி ஒன்று பட்டிருந்தால்கூட, விமானத்தின் ஆயுள் முழுக்கக் கட்டமைப்பு முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்று வடிவமைக்கும்போதே கணக்குப் போடுவார்கள்.

பெரும்பாலான அடிகள் வானத்தில் படுவதில்லை, தரையில்தான். சாமான் ஏற்றும் வண்டி, படிக்கட்டு வண்டி, கை தவறி விழும் ஸ்பேனர், ஆலங்கட்டி மழை. வண்டி ஓட்டியவர் "லேசாகத்தான் உரசியது" என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. ஒரு வண்டியின் ரப்பர் பம்பர் மெதுவாக அழுத்தியிருந்தால் வெளியே பெயின்ட்கூடப் போயிருக்காது, உள்ளே விலா எலும்பு போன்ற சட்டம் உடைந்திருக்கும்.

முதல் சோதனை, தட்டிப் பார்ப்பது. ஒரு நாணயமோ சின்னச் சுத்தியலோ போதும். நல்ல இடத்தில் 'டிங்' என்று கணீரென்று வரும், பிரிந்த இடத்தில் 'டப்' என்று மந்தமாக வரும். தேன்கூடு (தேனடை போலக் குட்டிக் குட்டி அறைகள் கொண்ட எடை குறைந்த அடுக்கு) நடுவே வைத்த மெல்லிய தகடுகளுக்கு இது நன்றாக உதவும். தடித்த கார்பன் தகட்டில் ஆழத்தில் இருக்கும் பிரிவு காதுக்கு எட்டாது. அங்கே அல்ட்ராசோனிக் கருவிதான். வெப்பப்படக் கருவி, லேசர் வைத்துப் பார்க்கும் ஷியரோகிராஃபி போன்றவையும் உண்டு.

சேதம் பார்த்தாயிற்று. பிறகு என்னதான் செய்வார்கள்?

முதலில் புத்தகம். ஒவ்வொரு விமான மாதிரிக்கும் தயாரிப்பாளர் கொடுத்த பழுதுபார்ப்புக் கையேடு இருக்கும். எந்தப் பாகத்தில், எந்த மண்டலத்தில், எவ்வளவு பெரிய சேதத்தை, எந்தப் பொருளால், எந்த வெப்பத்தில் சரிசெய்யலாம் என்று அதில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் தயாரிப்பாளரின் பொறியாளர்களிடம் கேட்டு, ஒப்புதல் பெற்ற வரைபடம் வாங்கித்தான் கையை வைக்க வேண்டும். சொந்த யோசனைக்கு இங்கே இடமில்லை.

அடுத்து பெயின்ட். உலோகத்தில் போல ரசாயன ஸ்ட்ரிப்பர் ஊற்றக் கூடாது, அது பிசினையே தின்றுவிடும். கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு சேதமான அடுக்குகளை வெட்டி எடுத்துவிட்டு, குழியின் ஓரத்தைச் சரிவாகத் தேய்ப்பார்கள். இதற்கு ஸ்கார்ஃப் என்று பெயர். காற்றில் சுழலும் சின்ன கிரைண்டர், நுனியில் உரைத்தாள் வட்டு. கை பழகினவர் தேய்க்கும்போது பார்க்க வேண்டும்: நார்த் திசை மாறும் ஒவ்வோர் அடுக்கும் வெளிச்சத்தில் வேறு பளபளப்பாகத் தெரியும், அறுத்த மரத்தில் வளையங்கள் தெரிவது போல. வளையங்கள் ஒரே அகலத்தில் இருந்தால் சரிவு சீராக இருக்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் குறுகினால் அங்கே செங்குத்தாகிவிட்டது. ஒரு நொடி அழுத்திவிட்டால் நல்ல அடுக்கும் போய்விடும், பழுது இன்னும் பெரிதாகும்.

தேய்த்த பிறகு, உள்ளே ஊறியிருக்கும் ஈரம் போக அந்த இடத்தைக் காயவைக்க வேண்டும். அப்புறம் துடைப்பது. கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, கரைப்பான் ஆவியாகும் முன்பே வேறொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். அப்படியே உலரவிட்டால் அழுக்கு கரைந்து, பரவி, மறுபடி அங்கேயே படியும். துணியில் பஞ்சு உதிரக் கூடாது. வெறும் விரல் படக் கூடாது. பக்கத்து மூலையில் யாராவது சிலிகான் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தால் அதுவும் ஆபத்து. சில இடங்களில் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக நின்றால் பரப்பு சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எங்கோ எண்ணெய் இருக்கிறது. மறுபடி துடைக்க வேண்டியதுதான். சோதனைக்குத் தெளித்த தண்ணீரையும் காயவைத்தாக வேண்டும்.

பிறகு ஒட்டுப்பசைப் படலம், அதன் மேல் ஒவ்வோர் அடுக்குக்கும் அளவாக வெட்டிய நார்த் துணிகள், பழைய அடுக்கின் திசைக்கு நேர் திசையில். எல்லாவற்றுக்கும் மேல் பெரும்பாலும் ஒரு கூடுதல் அடுக்கு. அதற்கு மேல் துளையிட்ட விடுபடலம் (பிசின் ஒட்டாத தாள்), மிகுந்த பிசினை உறிஞ்சும் துணி, இன்னொரு விடுபடலம், சூடேற்றும் போர்வை, காற்றோட்டத் துணி, கடைசியில் பிளாஸ்டிக் பை. பையின் ஓரத்தைச் சுற்றிப் பசை நாடா ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தமே ஒட்டை அமுக்கிப் பிடிக்கும்.

ஹாட் பாண்டர் என்ற பெட்டி சூட்டையும் வேக்குவத்தையும் கட்டுப்படுத்தும். நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்று மெதுவாக ஏற்றி, சொன்ன வெப்பத்தில் சொன்ன நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்கும். ஒட்டைச் சுற்றி தெர்மோகப்பிள்கள், அதாவது வெப்பம் அளக்கும் கம்பிகள், வைத்திருப்பார்கள். தகட்டின் பின்புறம் ஒரு சட்டம் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும். போர்வை ஒன்றுதான், ஆனால் சட்டத்தின் மேல் வெப்பம் குறைவு, பக்கத்தில் அதிகம். குளிர்ந்த இடம் வேகாமலும் சூடான இடம் கருகாமலும் பார்ப்பதில் பாதி நாள் போகும்.

ஒரு சின்ன ஓட்டைக்கு அவ்வளவு பெரிய இடத்தை ஏன் தேய்க்கிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். தகடு 3 மி.மீ. தடிமன், சரிவு 1-க்கு 30 என்றால் ஒவ்வொரு பக்கமும் 90 மி.மீ. தேய்க்க வேண்டும். 50 மி.மீ. ஓட்டை 230 மி.மீ. வட்டமாகிவிடும். ஒட்டுப்பசைக்கு வழுக்கி நகர்த்தும் விசையைத் தாங்கத் தெரியும், உரித்தெடுக்கும் விசையைத் தாங்கத் தெரியாது. சரிவு நீளமாக இருந்தால் சுமை பசை முழுவதும் பரவி, வழுக்கும் விசையாக மட்டும் போகும். செங்குத்தாக இருந்தால் ஓரத்தில் குவிந்து உரியத் தொடங்கும். 1-க்கு 20 முதல் 50 வரை சரிவுகள் புழக்கத்தில் உண்டு. எது என்பதைக் கையேடு சொல்லும்.

ப்ரீப்ரெக், வெட் லே-அப் இரண்டில் எது நல்லது?

ப்ரீப்ரெக் என்பது ஆலையிலேயே சரியான அளவு பிசின் ஏற்றி வரும் நார்த் துணி. பலம் சீராக இருக்கும். ஆனால் மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்து வைத்திருக்க வேண்டும், வெளியே எடுத்த ஒவ்வொரு மணி நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எடுத்ததும் பையைப் பிரித்தால் காற்றின் ஈரம் துணி மேல் வேர்த்துவிடும். பை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். வெட் லே-அப் என்பது காய்ந்த துணியில் பிசினைக் கலந்து அங்கேயே பூசுவது. உறைபெட்டி வேண்டாம், குறைந்த சூடு போதும், ஆனால் பலம் சற்றுக் குறைவு, கலப்பவர் கையைப் பொறுத்தது. முக்கியச் சுமை தாங்கும் பாகத்துக்கு முன்னது, இன்ஜின் உறை, மூடிகள் போன்றவற்றுக்குப் பின்னது என்று பொதுவாகச் சொல்லலாம்.

தண்ணீர் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். தேன்கூடு அறைகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது மேலே சூடேற்றினால் நீராவி கிளம்பி, பக்கத்தில் நன்றாக இருந்த தகட்டையும் பிரித்துத் தள்ளிவிடும். பழுது பார்க்கப் போய்ப் பாகத்தையே இழந்தவர்கள் உண்டு. பறக்கும்போது உறைவதும் இறங்கியதும் உருகுவதுமாகத் தினம் நடப்பதால் அறைச் சுவர்களும் கிழியும்.

2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவிலிருந்து கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தில் நடுவானில் ஒரு பெரிய சத்தம், தொடர்ந்து பக்கவாட்டில் ஆட்டம். விமானி திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார். இறங்கிப் பார்த்தால் சுக்கானின் பெரும்பகுதியைக் காணோம். தேன்கூடு நடுவே வைத்த காம்போசிட் சுக்கான் அது. ஏற்கெனவே உள்ளே இருந்த பிரிவு அல்லது நடுவில் இருக்கும் தேன்கூட்டின் முறிவு வளர்ந்து பிய்ந்திருக்கலாம் என்பது கனடா விசாரணையாளர்களின் கருத்து. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சரக்கு ஏ300-ன் சுக்கான் பராமரிப்பின்போது அடிபட்டு, திறந்து பார்த்தபோது தகட்டுக்கும் தேன்கூட்டுக்கும் இடையே ஹைட்ராலிக் எண்ணெய் ஊறிப் பிடிப்பு விட்டிருந்தது. தட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பியிருந்த பல இடங்களில் அதன் பிறகு ஆய்வு முறைகள் இறுகின.

ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதித்துவிட முடியாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முடியாது. அல்ட்ராசோனிக் கருவி காற்று இடைவெளி இருக்கிறதா என்று சொல்லும், குமிழி, பிரிவு, அந்நியப் பொருள் எல்லாவற்றையும் காட்டும். ஆனால் பசையும் பரப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பலமே இல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும் நிலை ஒன்று உண்டு. ஒலி அதன் வழியாக ஒழுங்காகப் போய்வரும், கருவி 'நல்லது' என்று காட்டும். இழுத்தால் தாள்போல உரிந்து வரும். இதைச் சேதப்படுத்தாமல் கண்டுபிடிக்க நம்பகமான வழி எதுவும் பட்டறைக்கு வந்து சேரவில்லை.

ஆகவே நம்பிக்கை முழுவதும் செய்முறையின் மேல்தான். பரப்பைச் சுத்தம் செய்த விதம், துணி மாற்றின எண்ணிக்கை, பசையின் காலாவதித் தேதி, வேக்குவம் கசிந்ததா, தெர்மோகப்பிள் ஒவ்வொன்றும் என்ன காட்டியது எல்லாம் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத ஒட்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும், என் கணக்கில் ஒட்டே இல்லை. ஒட்டின் பக்கத்திலேயே அதே பசையில், அதே பையின் கீழ் ஒரு மாதிரித் துண்டையும் இறுகவைத்து, பிறகு அதை உடைத்துப் பார்ப்பதும் உண்டு. அது பசை வெந்ததா என்று சொல்லும். விமானத்தின் பரப்பு சுத்தமாக இருந்ததா என்று சொல்லாது.

ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் இது தெரியும். அமெரிக்காவின் எஃப்ஏஏ வைத்திருக்கும் நிபந்தனை எளிது: முக்கியக் கட்டமைப்பில் ஒட்டு முழுவதும் கழன்று விழுந்தாலும், மிச்சமிருக்கும் கட்டமைப்பு லிமிட் லோடைத் தாங்க வேண்டும். லிமிட் லோடு என்பது விமானம் தன் பணிக்காலத்தில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை. வடிவமைக்கும்போது அதற்கும் ஒன்றரை மடங்கு வைத்துக் கட்டுவார்கள், அது அல்டிமேட் லோடு. சேதத்தால் போன பலத்தை ஒட்டு லிமிட்டிலிருந்து அல்டிமேட் வரை மீட்டுத் தரலாம், அதற்குக் கீழே அதை நம்பி நிற்கக் கூடாது. இதனால் ஒட்டின் அளவுக்கே ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. பயணிகளாக இருப்பவர்களுக்கு இதைவிட ஆறுதலான விதி வேறு இல்லை என்பேன்.

அப்படியானால் போல்ட் போட்டுவிட்டால் போகிறதே?

பெரிய சேதங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். கார்பன் தகட்டுக்கு மேல் டைட்டானியத் தகடோ முன்பே இறுகிய கார்பன் தகடோ வைத்துப் போல்ட் இறுக்குவது. போல்ட் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம், முறுக்கிப் பார்க்கலாம். பரப்பு சுத்தத்தைப் பற்றி உயிரை விட வேண்டாம். ஆனால் மெல்லிய தகட்டிலும் தேன்கூட்டிலும் இது எடுபடாது, எடை கூடும், காற்றோட்டத்தில் மேடு நிற்கும். துளையிடும்போது பின்பக்க அடுக்கு பிய்ந்துவிடாமல் முட்டுக் கொடுத்துத் துளைக்க வேண்டும். அலுமினிய ரிவெட் கூடவே கூடாது, காரணம் மேலே சொன்ன அரிப்பு. துளையை நிறைத்து உப்பும் வகை ரிவெட்டுகளும் அடுக்கைப் பிளந்துவிடும்.

முழுக் கார்பன் உடற்கூடு எரிந்தால் விமானமே போச்சா?

2013 ஜூலை 12 அன்று லண்டன் ஹீத்ரோவில் நிறுத்தியிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் 787 ஒன்றில், அவசர இருப்பிடக் கருவியின் லித்தியம் பேட்டரி தீப்பற்றி, பின்பக்க உடற்கூட்டின் மேற்பகுதி கருகிவிட்டது. பலர் அந்த விமானம் இனிக் குப்பைதான் என்றார்கள். சரிசெய்து அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி பறக்கவிட்டார்கள். தீயில் கருகிய இடத்தில் கஷ்டம் என்னவென்றால் எதுவரை பிசின் கெட்டது என்று எல்லை கண்டுபிடிப்பதுதான். சூடுபட்டும் நிறம் மாறாத பகுதியிலும் பலம் குறைந்திருக்கலாம்.

2001-ல் நியூயார்க்கில் வால் பிய்ந்து விழுந்த விபத்து காம்போசிட்டால் வந்ததுதானே?

இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, 2001 நவம்பர் 12, ஏ300-600 விமானம், 265 உயிர்கள். செங்குத்து வால் காம்போசிட்டால் ஆனது, அது அடியோடு கழன்றது, இரண்டும் உண்மை. ஆனால் துணை விமானி சுக்கானை மாறி மாறி இரு பக்கமும் முழுக்க மிதித்ததால், வால் அல்டிமேட் லோடையும் தாண்டிய சுமையில்தான் முறிந்தது என்பது அமெரிக்க விசாரணையின் முடிவு. தயாரிப்பின்போதே அந்த வாலின் ஓர் இணைப்புப் பகுதியில் அடுக்குப் பிரிவு கண்டு சரிசெய்திருந்தார்கள். முதலில் முறிந்தது அந்த இடமல்ல.

மின்னல் விழுந்தால்?

கார்பன் அலுமினியம் அளவுக்கு மின்சாரம் கடத்தாது. அதனால் மேல் அடுக்கில் மெல்லிய செம்பு வலை பதித்திருப்பார்கள். ஒட்டுப் போடும்போது வலையையும் ஒட்டி, பழைய வலையோடு மேற்கவியும்படி இணைத்து, மின்தடை அளந்து பார்க்க வேண்டும். புதுசாகப் பழகுபவர்கள் மறக்கும் இடம் இது.

ரேடார் மூடியில் கார்பன் வைத்து ஒட்டலாமா?

கூடாது, ரேடார் குருடாகிவிடும். கண்ணாடி நார் அல்லது குவார்ட்ஸ் நார் மட்டும். பெயின்ட் தடிமன்கூடக் கணக்கில் வரும். பழுது பார்த்த பிறகு அலை எவ்வளவு ஊடுருவுகிறது என்று, ரேடார் மூடிகளுக்கான டிஓ-213 தரத்தின்படி சோதிப்பார்கள்.

சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்துக்குக் கடையில் விற்கும் எபாக்சி போதுமா?

தயவுசெய்து வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் வீட்டு எபாக்சி, கை பொறுக்காத வெயில் சூட்டிலேயே இளகத் தொடங்கும். அடர்நிறப் பெயின்ட் அடித்த இறக்கை வெயிலில் 80 டிகிரியையும் தாண்டும். கிளைடர்கள் ஏறத்தாழ எல்லாம் வெள்ளையாக இருப்பது அழகுக்காக அல்ல. உங்கள் விமானத்தின் வரைபடத்தில் எந்தப் பிசின் என்று போட்டிருக்கிறதோ அதே பிசின், சொன்ன விகிதத்தில் எடை போட்டுக் கலந்து, சொன்ன சூட்டில் இறுகவைத்து. கண்ணளவு வேண்டாம்.

வேலை செய்பவர் உடம்புக்குக் கெடுதலா?

கவனமில்லாவிட்டால் ஆமாம். தேய்க்கும் தூசியை உறிஞ்சும் குழாய், முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். எபாக்சி மெதுவாகத்தான் பழிவாங்கும். வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாது, திடீரென்று ஒரு நாள் ஒவ்வாமை வந்தால் அதன் வாடை பட்டாலே தடிக்கும். அப்புறம் இந்த வேலைக்கே திரும்ப முடியாது. கையுறையைப் பற்றிச் சிரிக்கும் மூத்தவர்களின் விரல்களைப் பாருங்கள். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும் என்பதால் பக்கத்தில் திறந்த மின்பெட்டி இருந்தால் அதற்கும் ஆபத்து.

ஒட்டுப் போட்ட விமானத்தை அடிக்கடி சோதிப்பார்களா?

ஒட்டு எந்த வகை என்பதைப் பொறுத்தது. நிரந்தர ஒட்டு என்றால் அந்தப் பகுதியின் வழக்கமான ஆய்வே போதும். தற்காலிக ஒட்டு என்றால் இத்தனை பறப்புகளுக்குள் மாற்ற வேண்டும் என்று பதிவேட்டில் கெடு எழுதியிருக்கும். இரண்டுக்கும் நடுவே, இவ்வளவு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டிப் பார் என்ற நிபந்தனையோடு வரும் ஒட்டுகளும் உண்டு.

சுக்கான், எய்லரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகை) போன்ற அசையும் பாகங்களுக்குத் தனியாக ஏதாவது விதி உண்டா?

உண்டு, எடை. கீலுக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் நாலு அடுக்கும் பசையும் பெயின்டும் ஏறினால் பாகத்தின் சமநிலை பின்பக்கம் நகரும். அளவு மீறினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்தப் பாகம் தானாகவே படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும், நொடிகளில் பிய்ந்துவிடும். ஆகவே ஒட்டு வேலை முடிந்ததும் பாகத்தைத் தாங்கியில் கீல் மேல் நிறுத்தி, கையேட்டில் இருக்கும் எல்லைக்குள் வருகிறதா என்று அளக்க வேண்டும். வராவிட்டால் முன்னால் எதிர் எடை கூட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லையும் முடிந்துவிட்டால், ஒட்டு எவ்வளவு பிரமாதமாக வந்திருந்தாலும் பாகத்தைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, புதியதற்கு எழுதிப் போட வேண்டியதுதான்.